காவிக்கல்லும் காவி நிறமும்

பேரா மாநிலத்தின் தலைநகரான ஈப்போவுக்குக் கிழக்கே தம்பூன் என்னும் சிற்றூர் உள்ளது. பொமேலோ பழத்துக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அதனை அடுத்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலை ஒன்றின் செங்குத்தான முகத்தில், 1959ஆம் ஆண்டில், ராலிங்ஸ் என்னும் படை அதிகாரி ஒருவர் சில செந்நிற உருவங்களைக் கண்டார். அவர் கூர்க்காப் படையைச் சேர்ந்தவர். அவசரகாலம் முடிவுறாத அந்நாளில் காட்டையும் குன்றையும் சுற்றிக் காவல் பார்த்து வந்தவர். அவர் தேடி வந்தது துப்பாக்கி ஏந்திய மனிதரை. அகப்பட்டதோ பல நூறு தலைமுறைக்கு முன் அங்கு நின்றவர்களின் கைவேலை.

அந்தப் பாறையில் மனிதர் உருவும் விலங்குகளின் உருவும் இன்னதென்று சொல்ல இயலாத வடிவங்களும் தீட்டப்பட்டுள்ளன. மான், காட்டுப்பன்றி, தாப்பிர் என்னும் விலங்கு, ஆமை முதலியவற்றை ஆராய்ச்சியாளர் அடையாளம் காண்கின்றனர். கடற்பசு ஒன்றும் இருப்பதாகக் கருதப்படுகிறது. பாக்கு நீரிணைப் பக்கத்து மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் அந்தப் பிராணியே அது. கடலுக்கு இவ்வளவு தொலைவில் உள்ள குன்றில் கடற்பசு எவ்வாறு வந்தது? தீட்டியவர்கள் கடற்கரைக்குச் சென்று மீண்டவர்களாக இருத்தல் வேண்டும். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றினும் சற்று உயர்ந்து, கரை உள்நாட்டை நெருங்கியிருந்தது என்பதையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும். கண்டெடுத்த காலத்தில் ஒரு சில பத்து உருவங்களே எண்ணப்பட்டன. 2009ஆம் ஆண்டில் நோவெல் ஹிடால்கோ டான் என்னும் ஆய்வாளர் மீண்டும் பாறையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தபோது 600க்கு மேற்பட்ட உருவங்களும் தடயங்களும் உள்ளமை தெரியவந்தது. அவற்றுட் சில, தரையில் நிற்பவன் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளன. சாரம் கட்டித்தான் வரைந்தார்களோ, அன்றி அக்காலத்தில் தரையே உயர்ந்திருந்ததோ, அது வேறு ஆராய்ச்சி.

இங்கு எடுத்துக்கொண்ட செய்தி அந்த உருவங்களை அன்று. அவற்றைத் தீட்டிய பொருளை. அது ஹேமட்டைட் என்னும் இரும்புக் கனிமம். இப்பெயரைக் கேட்டவுடன் ஏதோ ஆய்வுக்கூடத்துச் சரக்கு என்று தமிழாசிரியர் ஒதுங்க வேண்டியதில்லை. தமிழில் அதற்கு வீட்டுப் பெயர் உண்டு. காவிக்கல் என்பதுதான் அது. மார்கழி விடியலில் அரிசிமாக் கோலத்தைச் சுற்றி இழுக்கும் செந்நிறக் கோடும், கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு இடையே அடிக்கும் சிவப்புப் பட்டையும், வாசற்படியின் ஓரத்தில் பூசும் பூச்சும் தம்பூன் பாறையில் உள்ள பொருளின் இனத்தைச் சேர்ந்தவையே. பேராவின் ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வாசலில் கோலமிட்டவர்கள் காவி குழைத்தபோது, சில கல் தொலைவில் ஒரு பாறையின் மேல் அதே பொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அழியாது நின்றுகொண்டிருந்தது. இரு சாராருக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. பொருள்தான் ஒன்று.

மண்ணிலிருந்து எடுக்கும் நிறங்கள் ஒரு குடும்பம் போன்றவை. குடும்பத்தின் தலைவன் இரும்பு. இரும்பு காற்றோடும் நீரோடும் சேர்ந்து துருவாகிறது என்பது யாவரும் அறிந்தது. நிலத்தினுள்ளும் இதுவே நடைபெறுகிறது. நீரைத் தன்னுள் கட்டிவைத்திருக்கும் துரு மஞ்சள் நிறங் காட்டும். கனிமநூலார் அதனைக் கோத்தைட் என்பர். நீர் நீங்கிய துரு செந்நிறங் காட்டும், அதுவே ஹேமட்டைட். ஆகையால் மஞ்சட்காவியை நெருப்பிலிட்டு வறுத்தால் செங்காவி ஆகிவிடும். ஏறக்குறைய 300 பாகை செல்ஷியஸ் வெப்பமே இதற்குப் போதும். அடுப்பங்கரையில் வைத்துச் செய்து பார்க்கக்கூடிய இரசாயனம் இது. செங்கல் சிவந்து வருவதும் இதனால்தான். சூளையில் இடுமுன் பச்சைக்கல் சாம்பலும் மஞ்சளுமாக இருக்கிறது. சூளையிலிருந்து வெளிவருகையில் அதனுள் இருந்த இரும்பு சிவந்துவிடுகிறது.

பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகை என்னும் முற்றுப்பெறாத கட்டடம் ஒன்று நிற்கிறது. ஸ்காத்லாந்தினின்றும் வந்து தோட்டத் தொழிலில் பொருள் ஈட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ஆம் ஆண்டளவில் தொடங்கியது அது. தமிழ்த் தொழிலாளர் உழைத்த கட்டடம். தொழிலாளரிடையே கொள்ளைநோய் பரவியபோது, அவர்கள் வேண்டுகோளின்படி அவர் அருகிலேயே மாரியம்மன் கோயில் ஒன்று எழுப்பியதும், அக்கோயிலின் மேல் அவருடைய உருவச்சிலையும் இடம்பெற்றதும் அவ்வட்டாரத்தில் பேர்போன கதை. 1926ஆம் ஆண்டில் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை நின்றுவிட்டது. சாந்து பூசப்படாத சுவர்களில் செங்கல் இன்றும் வெளியே தெரிகிறது. மழையிலும் வெயிலிலும் நூறாண்டு நின்றும் அதன் நிறம் போகவில்லை. காவியின் இயல்பைக் காட்ட இதைவிட எளிய பாடப்பொருள் கிடைப்பது அரிது.

இரும்போடு மாங்கனீசு என்னும் மற்றோர் உலோகமும் கலந்திருந்தால் நிறம் கருகி ஆழ்ந்த பழுப்பாகும். மேனாட்டு ஓவியர் அதனை அம்பர் மண் என்பர். இத்தாலி நாட்டின் உம்பிரியா மாவட்டத்தால் அப்பெயர் வந்தது என்று ஒரு சாராரும், நிழல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் வந்தது என்று மற்றொரு சாராரும் கூறுவர். சைப்ரஸ் தீவிலிருந்து வரும் அம்பர் மண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. மாங்கனீசு குறைந்து, மஞ்சள் கலந்த பழுப்பாக உள்ளதை, அதே இத்தாலியின் சியன்னா நகரின் பெயரால் வழங்குகின்றனர். இவற்றையும் சுடுவதுண்டு, சுட்டால் நிறம் மேலும் செம்மையுறும். ஓவியப் பெட்டியில் பச்சை அம்பர், சுட்ட அம்பர் என்று இரு குப்பிகள் இருப்பதன் காரணம் இதுவே. இவ்விடத்தில் மொழிபெயர்ப்போர் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். தமிழில் அம்பர் என்னும் சொல் திமிங்கிலத்தினின்று கிடைக்கும் வாசனைப் பொருளுக்கு நெடுங்காலமாக வழங்கி வருவது. அது அரபு மொழி வழி வந்தது. ஓவியரின் அம்பர் மண்ணுக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. மரப்பிசினாகிய மற்றோர் அம்பரும் இக்கூட்டத்தில் சேர்ந்துகொண்டு குழப்பத்தைப் பெருக்குகிறது.

மலாயா நாட்டின் தோட்டப்புறச் சாலைகள் செந்நிறமாக இருந்ததும் இரும்பின் வேலைதான். வெப்பமும் இடையறாத மழையும் உள்ள நாட்டில் நிலத்திலுள்ள மணற்சத்து நீரோடு கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் எஞ்சித் தங்கிவிடுகின்றன. இவ்வாறு இறுகிய செம்பாறைக்கு லாட்டரைட் என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். அவர் அப்பெயரை இட்டது 1807ஆம் ஆண்டு வெளிவந்த தம் பயண நூலில். அதற்கு இடமாக அமைந்தது கேரளத்தின் அங்காடிப்புரம். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் வேர். கல்லை வெட்டி எடுத்துச் சுவர் எழுப்பும் வழக்கம் அங்கு இருந்ததைக் கண்டு அப்பெயரைத் தெரிந்தெடுத்தார். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வந்த கால்களில் ஒட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் ஏறினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாத அந்தச் செம்புழுதி, நிறத்தால் காவியின் நெருங்கிய உறவு.

காவி மங்காதிருப்பதன் காரணம் யாது? பூவிலும் பட்டையிலும் விதையிலும் எடுக்கும் சாயங்கள் உயிர்ப்பொருள்கள். வெயில் பட்டால் அவற்றின் கட்டு உடைந்து நிறம் வெளிறும். பேராவின் காடுகளில் வாழும் தெமியார், செமாய் முதலிய பழங்குடி மக்கள் கெசும்பா விதையின் சிவப்பை முகத்தில் பூசிக்கொள்வர், அழகிய நிறம், ஆனால் நீண்ட நாள் நில்லாது. காவியோ ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்த பொருள். அதற்கு மேல் காற்று அதனை ஒன்றும் செய்வதற்கில்லை. ஒளியும் செய்வதற்கில்லை. தம்பூன் உருவங்களில் இளஞ்சிவப்பு மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்பு ஊதா வரை பல சாயல்கள் காணப்படுவதும் கவனிக்கத்தக்கது. ஹேமட்டைட்டை மிக நுண்ணியதாக அரைத்தால் ஒளிர்சிவப்பாகவும், பருமணியாக விட்டால் ஊதா கலந்த கருஞ்சிவப்பாகவும் தோன்றும். சாயல் வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

காவிக்கு இன்னொரு சிறப்பு, அது சுண்ணாம்போடு பகைப்பதில்லை. ஈரச் சுண்ணாம்பின் காரத்தைத் தாவரச் சாயங்கள் பல தாங்கா. மண் நிறங்கள் தாங்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகும்போது நிறத்தையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பரமசிவன் அவற்றின் பூச்சையும் நிறங்களையும் இரசாயன முறைப்படி ஆராய்ந்தார். செங்காவியும் மஞ்சட்காவியும் சுண்ணாம்பும் விளக்குக்கரியும் அவ்வோவியங்களின் அடிப்படைச் சரக்குகள். விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலைப் பாறையிலும் செங்காவி உருவங்கள் உண்டு. கொங்கணக் கரையில், கோவாவிலும் கன்னடக் கடற்கரையிலும், வெண்சுண்ணச் சுவரில் செம்மண் பூச்சை ஏற்றிச் சுரண்டி உருவம் எடுக்கும் கலைக்குக் காவி என்றே பெயர். சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் வழங்குவது.

ஆக, கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் மாறிமாறி வருவதற்கு வழிபாட்டு விளக்கங்கள் பல சொல்லப்பட்டாலும், கொத்தனாரின் விளக்கம் ஒன்று உண்டு: சுண்ணாம்புச் சுவரில் நிற்கக்கூடியதும், கூடை கணக்கில் மலிவாகக் கிடைப்பதும் அந்தச் சிவப்பு ஒன்றுதான். பேராவில் தோட்டந்தோறும் கம்பிக் கூரையும் பலகையுமாகத் தொடங்கிய மாரியம்மன் கோயில்கள் கற்சுவர் பெற்றபோது முதலில் பெற்றதும் இந்தப் பட்டைகளையே. இந்நாளில் டின்னில் வரும் வண்ணமே அடிக்கிறார்கள். அதில் தொழிற்சாலையில் செய்த இரும்பு ஆக்ஸைடு இருக்கலாம், இராமலும் இருக்கலாம். சில கோயில்களில் காவிப்பட்டை ஆரஞ்சுப் பட்டையாகிவிட்டதைக் காண்போர், இராதது எது என்று எளிதில் அறிவர்.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளுவதற்கில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பு இங்குதான் அறுபடுகிறது. காவி என்றால் இன்று பெரும்பாலோர் மனத்தில் எழுவது ஆரஞ்சு நிறம். பேச்சு வழக்கு இன்னும் அப்படிச் சொல்லவில்லை. வெற்றிலை போட்டுப் போட்டுப் பல் காவியேறிவிட்டது என்கிறோம்; எவர் பல்லும் ஆரஞ்சு ஆவதில்லை. இரும்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் துவைத்த வேட்டி காவியேறிக் கிடக்கிறது என்கிறோம், அது செம்பழுப்பு. வழக்கு கல்லை மறக்காதிருக்கிறது. எழுத்துத் தமிழ்தான் மறந்துவிட்டது.

மறதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மொழிபெயர்ப்பிலிருந்து என்றே சொல்ல வேண்டும். இந்தியத் தேசியக் கொடி 1947 சூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஏற்கப்பட்டபோது மேற்பட்டையின் நிறம் ஆங்கிலத்தில் குங்குமப்பூவின் பெயராலும், இந்தியில் கேசரி என்றும் குறிக்கப்பட்டது. கேசரி என்பதும் குங்குமப்பூவின் நிறமே. தமிழில் அதனைக் காவி என்று எழுதினர். பூவின் நிறம் கல்லின் நிறமாக மாறியது. பிறகு கல்லின் பெயர் பூவின் நிறத்துக்கே சொந்தமாயிற்று. வடநாட்டில் இக்குழப்பம் அவ்வளவு இல்லை. அங்குக் காவிக்கல்லுக்குக் கேரு என்று தனிப்பெயர் இருக்கிறது. துறவியர் உடை கேருவா எனப்படும். மலையில் பிறப்பது என்னும் பொருளுடைய கைரிகம் என்ற வடசொல்லோடு தொடர்புடையது அது. குங்குமப்பூ நிறம் வேறு, கேரு நிறம் வேறு என்று அங்குள்ளோர் பிரித்தே பேசுவர்.

துறவியர் உடைக்கு வருவோம். முல்லைப்பாட்டில் நப்பூதனார் பாசறையைச் சொல்லும் இடத்தில், வில்லை ஊன்றி அதில் அம்பறாத் தூணியைத் தொங்கவிட்டிருப்பதற்கு, முக்கோலில் உடையை இட்டுவைத்த தவசியின் தோற்றத்தை உவமை கூறுகிறார். அவ்வுடை கல்லில் தோய்த்தது என்பது பாட்டின் செய்தி. காவி என்னும் சொல்லைப் பாட்டு ஆளவில்லை. கல் என்ற அளவில் நிற்கிறது. எந்தக் கல் என்பதை உரை தெளிவாக்குகிறது. பழம்பாடல்களில் காவி என்று வருமிடங்களில் பொருள் பெரும்பாலும் குவளை மலர். கண்ணுக்கு உவமையாகும் நீலப்பூ. ஒரே சொல் நீலப்பூவையும் செங்கல்லையும் குறிப்பதைக் கண்டு மாணவன் மயங்கினால் அது அவன் குற்றமன்று. வடிவால் ஒன்றாகிப் பொருளால் வேறான இரு சொற்களாக அவற்றைக் கொண்டு விளக்குதலே தக்கது. காவிரி ஆற்றின் பெயரும் அதன் செம்புனலால் வந்தது என்று சொல்வோர் உளர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஒலி ஒற்றுமைக்கு மேல் வலுவான சான்று காட்டினால் ஏற்கலாம்.

துறவுடைக்குத் தமிழில் வேறொரு பழம்பெயர் துவராடை. துவர் என்பது முதலில் சுவை. பாக்கிலும் கடுக்காயிலும் உள்ள சுவை. அச்சுவை தரும் பட்டையையும் காயையும் காய்ச்சித் துணி தோய்த்தால் செம்பழுப்பு ஏறும். ஆகவே துவர், நிறத்துக்கும் பெயராயிற்று. வடமொழியில் கஷாயம் என்பதும் இவ்வாறே: துவர்ப்புச் சுவை, காய்ச்சிய நீர், செம்பழுப்பு நிறம், பௌத்தத் துறவியின் ஆடை ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல். மருந்துக் கஷாயமும் துறவியின் காஷாயமும் ஒரே கொப்பரையில் பிறந்தவை என்றால் பலர் வியப்பர். பலா மரத்தின் வைரத்தைக் காய்ச்சி ஆடைக்கு நிறமேற்றும் வழக்கம் தேரவாதத் துறவியரிடம் உண்டு. எனவே மரத்தால் வந்தது துவர். கல்லால் வந்தது காவி. இரண்டும் வந்து சேர்ந்த நிறம் ஒன்று. துறவியர் அதனைத் தேர்ந்ததற்குத் தத்துவங்கள் பல கற்பிக்கலாம். ஆற்றங்கரையில் காசில்லாமல் கிடைக்கும், அழுக்கை விரைவில் காட்டாது என்பவையே முதற்காரணங்களாய் இருந்திருக்கும்.

பழுப்பு என்னும் சொல்லும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. இன்று பள்ளிப் பாடங்களில் அச்சொல்லே மேலோங்கி நிற்கிறது. அது பழுத்த இலையினின்று வந்தது, மஞ்சளை ஒட்டியது. பழைய ஏட்டின் நிறத்துக்குப் பொருந்தும். செம்மண்ணுக்கும் செங்கல்லுக்கும் அத்துணைப் பொருந்தாது. இலங்கைத் தமிழர் கபிலம் என்றும் மண்ணிறம் என்றும் வழங்குகின்றனர். கபிலம் வடசொல். மண்ணிறம் தெளிவான தமிழ். ஆனால் மண்ணுக்கு நிறம் ஒன்றா? கரிசலும் மண், வண்டலும் மண். சிவப்புச் சாய்ந்த மண்ணிறத்துக்குக் காவி என்று வரையறுத்துக்கொண்டால் மேனாட்டு ஓவிய நூல்களைத் தமிழாக்குவோருக்குப் பாதிச் சிக்கல் தீரும்: மஞ்சட்காவி, செங்காவி, மாங்கனீசு மிகுந்ததற்குக் கருங்காவி. முன்னிரண்டும் வழக்கில் உள்ளவை. மூன்றாவது அவற்றைப் பின்பற்றி ஆக்கிக்கொள்ளத் தக்கது. சித்த மருத்துவர் பூங்காவிச் செந்தூரம் என்று இன்றும் சொல்லிவருவதால், அடைமொழி சேர்த்துக் காவியை வகைப்படுத்துதல் தமிழுக்குப் புதிதன்று.

தம்பூன் உருவங்களுக்கு வயது என்ன என்னும் கேள்வி அடிக்கடி எழும். காவியின் நிலைபேறே இங்கு இடையூறாகிறது. கரியால் வரைந்திருந்தால் அதிலுள்ள கரிமத்தை அளந்து காலம் கணிக்கலாம். காவியில் கரிமம் இல்லை. ஓவியத்தின் மேல் சுண்ணப் படலம் படிந்திருந்தால் அதிலுள்ள யுரேனியத்தைக் கொண்டு கணிக்கும் முறை உண்டு. சுலாவெசித் தீவில் லியாங் கரம்புவாங் குகையின் செங்காவி ஓவியம் 51,200 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையது என 2024ஆம் ஆண்டில் அறிவித்தது அம்முறையால்தான். தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் காவியை அரைத்துச் சிப்பி ஓட்டில் கரைத்து வைத்த தடயம் 1,00,000 ஆண்டுப் பழமையுடையது. தம்பூன் அவ்வளவு முதியதன்று. புதிய கற்காலத்தைச் சார்ந்ததாகவே அது கருதப்படுகிறது.

அதே பேராவின் வடபகுதியில், லெங்கோங் வட்டாரத்துக் குவா பாடாக்கில், லானோ பழங்குடியினர் கரியால் வரைந்த படங்கள் உள்ளன. மோட்டார் வண்டி கூட அவற்றுள் உண்டு. விரல் பட்டால் கரி அழிந்துவிடும். காவி அப்படி அழியாது. ஆனால் அது பற்றியிருக்கும் சுண்ணாம்புக்கல் செதில் செதிலாக உதிரும்போது நிறமும் உடன் விழுகிறது. பார்க்க வந்தோர் கிறுக்கிச் சென்ற பெயர்களும் குகைச் சுவர்களில் ஏறியுள்ளன. கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளிற் பல, சலவைக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் உடைபட்டு வருகின்றன. 2018ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கு தேசிய நிலவியற் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஈப்போவிலிருந்து தம்பூனுக்கு வண்டியில் சில நிமிடப் பயணமே. படியேறிச் சென்றால், பிற்பகல் வெளிச்சத்தில் மானின் உருவம் தெளிவாகத் தெரியும். கடற்பசுவைத் தேடிக் கண்டுபிடிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும்.